செத்தவர் மேசையில் தம்பியின் படம்

என் தம்பி காணாமல் போனான். செத்துப்போகவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிற எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தியே நான் களைத்துப்போனேன்.

ஊரில் சண்டை முடிந்த அடுத்த வருடம் அவனை இங்கே எடுப்பித்தேன். மொண்டெல்லோவில் கடற்கரை உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினான். சில வருடம் கழித்து, கோடை முடிகிற நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடித்து பஸ் எடுக்கப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் முறைப்பாடு எழுதிய பொலிஸ் அதிகாரி, "வளர்ந்த ஆள்தானே, ஜெர்மனிக்குப் போயிருப்பான்" என்றார். பாஸ்போர்ட் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது என்றேன். உங்கள் ஆட்களுக்கு அது தேவைப்படுவதில்லையே என்று சிரித்தார்.

அதனால்தான் 'காணவில்லை' என்று அவன் படத்தோடு போஸ்டர். வீடுகள் கூட்டித் துடைத்துவிட்டு வருகிற வழியெல்லாம் ஒட்டினேன். வுச்சீரியா சந்தையில் ஒட்டினால் மறுநாள் அதன் மேல் எவனாவது பாட்டுக் கச்சேரி விளம்பரம் ஒட்டியிருப்பான். மறுபடி ஒட்டினேன். எனக்கு அனுதாபம் தேவையில்லை. முகத்தை மறந்துவிட்டால் நேரில் கண்டாலும் ஆட்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் ஒட்டினேன்.

முதல் மாதங்களில் தமிழ்க் கடைக்காரன் தானே கேட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்டினான். அடுத்த வருடம் அவனே சொன்னான்: "அக்கா, இனி எடுத்துவிடட்டோ? சாமான் வாங்க வாற சனத்துக்கு அந்தரமாக் கிடக்காம்."

"உன்ரை தம்பியெண்டா எடுப்பியோ?"

எடுக்கவில்லை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் மாற்றி ஒட்டினான். மூட்டை முடிந்தால்தான் தம்பி தெரிவான்.

ஞாயிறு தமிழ்ப் பூசையில் அவனுக்காக மன்றாடும்படி கோயில் சபைத் தலைவரிடம் படம் கொடுத்து வைத்திருந்தேன். மன்னார்க்காரர், எங்கள் ஊர்ப்பக்கம்தான். இரண்டு வருடம் கழிந்த நவம்பரில் மரித்தோர் நினைவுப் பூசை வந்தது. இங்கேயும் ஊரிலும் அந்த வருடம் செத்தவர்களின் படங்களைப் பீடத்துக்கு முன்னால் மேசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவது எங்கள் வழக்கம். அந்த மேசையில், யாரோ ஒருவரின் மாமியாருக்கும் ஒரு கிழவருக்கும் நடுவில், என் தம்பி இருந்தான். 'காணவில்லை' என்ற சொல்லை வெட்டியெடுத்திருந்தார்கள்.

காணிக்கைப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. எழும்பிப் போய்ப் படத்தை எடுத்தேன். தலைவர் ஓடி வந்தார்.

"பிள்ளை, பூசை நடக்குது. போய் இரு."

"இவன் செத்திட்டான் எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ரெண்டு வருசமாப் போச்சு. உன்ரை மனசு ஆறட்டும் எண்டுதான் வைச்சனாங்கள்."

"என்ரை மனசை ஆத்தச் சொல்லி ஆர் கேட்டது? உங்கடை படத்தையும் கொண்டு வந்து வைக்கட்டோ அண்ணை?"

பின்வரிசையில் ஒரு மனுசி, எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னாள்: "பாவம், அவளுக்கு விசராக்கிப் போட்டுது."

ஊரில் சண்டை நேரம் காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் இருக்கிறார்கள். மரணச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று அரசாங்கம் சொன்னால் இந்தச் சனம் கொதிக்கும். இதே கோயிலில் அந்தத் தாய்மாருக்காக உண்டியல் குலுக்கினார்கள். என் தம்பிக்கு மட்டும் ஒருவரும் கேட்காமலே, தாங்களாகவே மெழுகுதிரி கொளுத்தினார்கள்.

படத்தை எடுத்ததோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் எடுக்க முந்தியே யாரோ போட்டோ பிடித்துக் கோயில் பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். என் போஸ்டரைத் திரும்பிப் பாராதவர்கள் எல்லாம் அதன் கீழே ஆத்துமா சாந்தியடையட்டும் என்று எழுதினார்கள்.

மாசி கழிந்து, பஸ் தரிப்பிடத்தில் ஒரு வன்னிப் பெடியன் கிட்ட வந்தான். நகரத்து ஓரம் சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறவன்.

"அக்கா, தம்பியின்ரை விசயம் அறிஞ்சன். மனவருத்தம்."

"என்னத்தை அறிஞ்சனி?"

"அவர் மோசம் போனது... தை மாசம் பழம் வெட்ட வேறை வான் ஒண்டிலை ஏறி வந்த ஆக்களுக்குள்ளை ஒருத்தன் அச்சொட்டா அவரை மாதிரி. நடையும் அதேதான். நான் திகைச்சுப் போனன்."

"ஏன் வந்து சொல்லேல்லை?"

"பேஸ்புக்கிலை மெழுகுதிரியோடை பாத்தனான் அக்கா. செத்த ஆளைத் தோட்டத்திலை கண்டன் எண்டு வந்து சொன்னா, நீங்கள் எனக்குச் செருப்பாலை அடிச்சிருப்பியள்."

குவெஸ்தூராவுக்கு வந்து சொல்லச் சொன்னேன். அவனிடம் பெர்மெஸோ இல்லை, வதிவிட அனுமதி இல்லாதவன் பொலிஸ் வாசலுக்கு எப்படி வருவான். அவனை நான் குற்றம் சொல்லவில்லை. சியாகுல்லிக்குத் தனியாகப் போனேன். மரங்களில் பழம் இல்லை, வெட்டு முடிந்து ஆட்களும் போய்விட்டார்கள். கூலிக்கு வான்களில் ஏறி வருகிறவர்களின் பெயர் தனக்குத் தெரியாது என்றான் தோட்டக்காரன். பொலிஸ் அதிகாரியிடம் போனேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அதே மேசை, அதே படம்.

"சிஞ்ஞோரா, உங்கள் கோயிலே அவருக்கு நினைவுப் பூசை வைத்துவிட்டது. நாங்கள் யாரைத் தேடுவது?"

அங்கிருந்து நேரே தலைவரின் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் போனைக் கையில் எடுத்தார்.

"பேஸ்புக்கிலை கிடக்கிற படத்தை இப்பவே அழிக்கச் சொல்லுறன். கோயிலிலை அறிவிக்க மட்டும் கேக்காதை. சனம் குழம்பும்."

"சனம் இப்ப தெளிவாத்தானே அண்ணை இருக்குது, அதுதானே பிரச்சினை."

அடுத்த ஞாயிறு, பூசை முடிவில் அறிவித்தல் நேரத்தில் நானே போய் மைக்கைப் பிடித்தேன். "என்ரை தம்பி செத்ததை ஆராவது கண்டிருந்தா இப்ப சொல்லுங்கோ. காணேல்லையெண்டா அவனைத் தேடுங்கோ. தையிலை சியாகுல்லிப் பக்கம் அவனை மாதிரி ஒருத்தனைக் கண்டிருக்கினம்." சனம் எழும்பத் தொடங்கியது.

பிறகு போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். போஸ்டர் வாங்காமல் ஒருவரையும் வெளியே விடவில்லை. எனக்கு விசர் பிடித்துவிட்டது என்றவளும் வாங்கினாள். கடைசியாகத் தலைவர் வந்தார். வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார்.

"மடிக்காதேங்கோ அண்ணை. முகத்துக்கு நடுவாலை முறியுது."

அவர் அதை விரித்தார். தெரு முழுக்க விரித்துப் பிடித்தபடியே போகிறாரா என்று, அவர் தெருமுனை முடக்கில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.