எருமைக்கு நாலு செகண்ட் பீப்

திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் எடுக்கும் எங்க ஊர் வானொலியில சனி, ஞாயிறு நான்தான் எடிட்டிங். யாரையாவது புண்படுத்துற வார்த்தை வந்தா பீப் போடணும். பொறுப்பாளர் சாரோட ஒரே சட்டம் அதுதான்.

நேத்து நடவு வயல் பேட்டியில செல்வி அக்கா பொங்கிட்டாங்க. "வாய்க்காலை மறிச்சுத் தன் வயலுக்கு மட்டும் தண்ணி விட்டுக்கிட்டாரே ராமையன், அந்த எருமை!"

எருமைக்கு அரை செகண்ட் பீப் போதும். நான் நாலு செகண்ட் போட்டேன். கை சும்மா இருக்குமா?

இன்னிக்குக் காலையில ஒலிபரப்பாச்சு. பத்து மணிக்கு ராமையன் மாமாவே ஸ்டேஷனுக்கு வந்துட்டார். இன்னிக்கு நமக்கு அடிதான்னு நினைச்சேன்.

"தம்பி, செல்வி என்னை என்னன்னு திட்டுச்சு?"

"எருமைன்னு, மாமா."

"அவ்ளோதானா?" முகத்துல அப்படி ஒரு நிம்மதி. "டீக்கடையில ஆளாளுக்கு அந்த இடத்துல ஒரு வார்த்தையை வச்சுச் சிரிக்கிறானுவ. அப்படி என்னய்யா பண்ணினன்னு கேட்டு என் சம்சாரம் சோறு போடல. பீப்பை எடுத்துட்டு எருமையைப் போடுடா!"

சார் தயங்கினார். "உங்களுக்குத்தான் சங்கடம். அது திட்டு ஆச்சேங்க?"

"மறிச்சது நெசம்தானே சார். எருமைன்னா தாங்கிக்குவேன். உங்க பீப்பைத்தான் தாங்க முடியல."

நாளைக்குக் காலை ஏழு மணிக்கு மறு ஒலிபரப்பு. எருமை முழு உருவத்தோட வருது.

இன்னிக்குக் கேட்டவங்க அந்த நாலு செகண்டுல என்ன நினைச்சீங்கன்னு சொல்லுங்க. கமெண்ட்ல வேணாம், எங்கம்மா படிப்பாங்க. இன்பாக்ஸுக்கு வாங்க.