பாதி வழியில் நின்ற வீடு

உலகத்திலேயே மின்னல் அதிகம் விழும் இடம் எது என்று கேட்டால் பூகோளப் புத்தகம் எங்கள் ஏரியைத்தான் காட்டும். மரக்கைபோ ஏரியில் கத்ததும்போ ஆறு வந்து சேரும் மூலை. வருஷத்தில் பாதி நாளாவது, இருட்டினால் போதும், வானம் வெட்ட ஆரம்பித்துவிடும். வெகுதூரத்தில் இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்காது, வெளிச்சம் மட்டும் தெரியும். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் அதைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்களாம். அதைப் படம் பிடிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து என் படகில் ஏறுவார்கள். ஒருத்தராவது கீழே குனிந்து பார்த்ததில்லை. அவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆற்றுச் சேறு எங்கள் ஊரைத் தின்றுகொண்டிருந்தது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

தெயானீராவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எல் பஹரால் என்ற எங்கள் ஊர் முழுக்கத் தண்ணீர்மேல் நின்றது. கம்பு நட்டு, அதன்மேல் பலகை போட்டு, தகரக் கூரை வைத்த வீடுகள். பக்கத்து வீட்டுக்காரனோடு ஒத்துவரவில்லையா, தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. வீட்டையே கிளப்பிக்கொண்டு போய்விடலாம். இரண்டு பெரிய படகுகளை வீட்டின் இரண்டு பக்கமும் கட்டி, குறுக்கே மரம் கொடுத்து, கம்புகளைத் தண்ணீர் மட்டத்தில் ரம்பத்தால் அறுத்துவிட்டால், வீடு படகுமேல் உட்கார்ந்துகொள்ளும். அடுப்பும் கோழிக்கூடும் உள்ளேயே இருக்கும். இழுத்துக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் புதுக் கம்பு நட்டுக்கொள்ளலாம். அந்தப் படகுகள் என்னுடையவை.

தெயானீராவின் புருஷன் எவுதோ அப்படித்தான் ஒருமுறை தன் அண்ணனோடு முறைத்துக்கொண்டு வீட்டைக் கிளப்பினான். அவள் நிறைமாதம். பாதி வழியில் வலி கண்டு, வீடு மிதந்துகொண்டிருக்கும்போதே மகன் எந்தேர் பிறந்துவிட்டான். பதிவு அலுவலகத்தில் எழுத்தர் கேட்டான், "பொறந்த எடம்?"

"வீட்டுலதான்" என்றான் எவுதோ.

"வீடு எங்க இருந்துச்சு?"

"போயிக்கிட்டு இருந்துச்சு."

எழுத்தர் திட்டிவிட்டு ஏரியின் பெயரை எழுதினான். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எந்தேர் பெரியவனான பிறகும் 'நிக்காத வீட்டுல பொறந்தவன்' என்றுதான் அவனைக் கேலி செய்வோம்.

சிரிப்பு அதோடு சரி. எவுதோ ஒரு விடியற்காலையில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது மின்னல் விழுந்து செத்துப்போனான். அதற்குப் பிறகு வானம் வெட்டினால் தெயானீரா முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். மீனை உப்புப் போட்டுக் காயவைத்து விற்று மகனை வளர்த்தாள். வாய்த்துடுக்கு உண்டு. விலை குறைத்துக் கேட்ட வியாபாரியைப் பார்த்து, "ஏரிய வேணா எடுத்துக்க, மீனத் தொடாத" என்பாள்.

பிறகு மீனும் குறைந்தது, நாட்டில் காசுக்கு மதிப்பும் போனது. எந்தேர் எல்லை தாண்டிக் கொலம்பியாவுக்குக் கிளம்பினான். அவன் படகில் ஏறும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அம்மா, அங்க மலைமேல ஏறி நின்னா நம்ம மின்னல் தெரியுமாம். அதுக்கு அடியில நீ இருப்பேன்னு நெனச்சுக்குவேன். நான் வர்ற வரைக்கும் எடத்த மாத்திராத."

"நான் எங்கடா போகப்போறேன்?" என்றாள்.

அன்றிலிருந்து அவள் மின்னலுக்கு முதுகு காட்டவில்லை. வாசல் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். செல்போன் கோபுரம் செத்துப் பல நாள் ஆகியிருந்ததால், மகனோடு அவளுக்கு இருந்த தொடர்பு அது ஒன்றுதான்.

சேறு ஏற ஏற, படகு போகும் வாய்க்கால் சுருங்கியது. வீடுகளின் அடியில் கோரை முளைத்தது, பின்னால் பாம்பும் கொசுவும் வந்தன. ஜனங்கள் ஒவ்வொருவராக வீட்டைக் கிளப்பிக்கொண்டு ஏரியின் மேற்குப் பக்கம் போனார்கள். என் படகுகளுக்கு ஓய்வே இல்லை. நானும் குடும்பத்தோடு மேற்கே போய்விட்டேன். கடைசியில் மிச்சம் இருந்தது தெயானீராவும், கோடிவீட்டு விதவை உபல்தினாவும்தான்.

"அக்கா, தண்ணி இருக்கும்போதே கெளம்பு. அப்புறம் நான் படக வெச்சுக்கிட்டு சேத்துல ஏர் ஓட்டணும்" என்று கெஞ்சினேன்.

"அவன் வந்து எந்தக் கதவத் தட்டுவான், உன் கதவையா?"

"விசாரிச்சா சொல்ல மாட்டாங்களா?"

"யாரு சொல்லுவா, கொக்கா?" என்றாள்.

மழைக்காலத்தில் உபல்தினா காய்ச்சலில் செத்தாள். கரையில் கொண்டுபோய்ப் புதைத்தோம். சிலுவையில் மையால் எழுதிய பெயரை அடுத்த மழையே கழுவிவிட்டது. அதற்குப் பிறகுதான் தெயானீரா, "சரி, வந்து இழு" என்றாள்.

போனோம். கம்புகளை அறுத்தோம். வீடு படகில் உட்கார்ந்தது. இழுக்க ஆரம்பித்துக் கூப்பிடு தூரம் போவதற்குள் அடியில் சேறு பிடித்துக்கொண்டது. தள்ளினோம், கயிறு போட்டு இழுத்தோம், இடுப்பளவு சேற்றில் இறங்கி முக்கினோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வீட்டை ஒருக்களித்தபடியே கோரைக்குள் இறக்கிவிட்டுப் படகுகளை உருவிக்கொண்டோம். சுற்றி ஆள் உயரத்துக்குக் கோரை. வாய்க்காலிலிருந்து பார்த்தால் கூரைகூடத் தெரியாது.

"வீட்ட விட்டுட்டு நீ மட்டுமாவது வாக்கா."

"தண்ணி ஏறும். அப்ப வந்து இழு" என்றாள். கழுதைப் பிடிவாதம்.

வாரம் ஒருமுறை சோளமாவும் வாழைக்காயும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நேரத்தில் ஏரியில் கொள்ளைக்காரர்கள் அதிகம். படகின் மோட்டாரைக் கழற்றிக்கொள்வார்கள், எதிர்த்தால் சுடுவார்கள். தெரியாத மோட்டார் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டுச் சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்பது ஏரியில் குழந்தைக்கும் தெரியும். நான் போனால் தூரத்திலேயே மோட்டாரை நிறுத்திவிட்டு, சீழ்க்கை அடித்துக்கொண்டே துடுப்புப் போடுவேன். அப்போதுதான் அவள் கதவைத் திறப்பாள்.

ஒருமுறை நண்டு விற்க மரக்கைபோ நகரத்துக்குப் போய்விட்டு வந்தேன். படகுத்துறையில் கடை வைத்திருக்கும் யோலைதா என்னைக் கூப்பிட்டு ஒரு பையை நீட்டினாள்.

"எந்தேர் வந்திருந்தான். உன்னத் தேடினான், நீ இல்ல. இத யாராவது இல்லாதவங்களுக்குக் குடுத்துருன்னான். எனக்கு மனசு வரல, உனக்காக வெச்சிருந்தேன்."

"அம்மாவப் பாத்தானா?"

"என்ன நேரியோ இப்படிக் கேக்குற? அந்தக்காதான் செத்துப்போச்சுன்னு அவனே சொன்னானே."

கூட்டிக்கொண்டு போன படகுக்காரனைப் பிடித்து விசாரித்தேன். வெளியூர்க்காரன். எந்தேர் முதலில் எல் பஹராலுக்குத்தான் போயிருக்கிறான். வீடு இருந்த இடத்தில் வெறும் கம்பு முனைகள். கையால் தடவிப் பார்த்தானாம், ரம்பத்தில் அறுத்த முனை. நகர்கிற வீட்டில் பிறந்தவனுக்கு அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? வீடு மேற்கே போய்விட்டது என்று நினைத்து, குரல்கூடக் கொடுக்காமல் படகைத் திருப்பச் சொல்லியிருக்கிறான். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் கண்ணில் படுவதற்கு முன்பே, மேற்கே புதிதாகக் குடிவந்த ஒருத்தன், எல் பஹராலில் தனியாக இருந்த விதவை காய்ச்சலில் போய்விட்டாள், கரையில் புதைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறான். பெயரில்லாத அந்தச் சிலுவைக்கு முன்னால் எந்தேர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தானாம். அப்புறம் எழுந்து, வந்த வழியே எல்லை தாண்டிப் போய்விட்டான். எந்த ஊர், யாரிடம் வேலை, யாருக்கும் தெரியவில்லை.

பையை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பையைப் பிரித்தாள். காய்ச்சல் மாத்திரை, பச்சை நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை. இந்த வெக்கையில் யார் போடுவார்கள்? மலையில் குளிருகிறது என்பதால் அம்மாவுக்கும் குளிரும் என்று வாங்கியிருக்கிறான்.

"என்னைக்கு வந்தான்?" என்றாள்.

"செவ்வாக்கெழம. காலையில."

கம்பளியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"செவ்வாக்கெழம ஒரு மோட்டார் வந்துச்சு நேரியோ. பழைய எடத்துல ரொம்ப நேரம் நின்னுச்சு. நான் அடுப்புல தண்ணிய ஊத்திட்டுக் கட்டிலுக்கு அடியில போயிட்டேன். போயிரணும், போயிரணும்னு சாமிய வேண்டிக்கிட்டேன்."

அவளை நான் அழுது பார்த்ததில்லை. அன்றும் அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

எல்லைப் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்புகிறேன். அங்கே லட்சக்கணக்கில் ஜனங்கள். இதுவரை ஒரு தகவலும் இல்லை. மேற்கே வரச் சொல்லிக் கூப்பிட்டால், "இத விட்டா அவனுக்கு வேற எந்த எடம் தெரியும்?" என்கிறாள்.

இப்போதெல்லாம் எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் அடுப்பில் பச்சைக் கோரையைத் திணிக்கிறாள். புகை கோரைக்கு மேலே எழும்பி வாய்க்கால் வரைக்கும் தெரிகிறது. போன வாரம் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"உனக்கென்ன கிறுக்கா? கொள்ளைக்காரன் வருவான்க்கா."

"வரட்டும்" என்றாள். "அவனும் நாலு எடம் போறவன்தானே. நான் சாகலன்னு யார்கிட்டயாவது சொல்லட்டும்."