ஒயின் பாட்டிலில் மின்னிய துகள்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம் நடந்தது இது. கொல்கத்தா அலிப்பூரில் உள்ள ஓர் இறக்குமதி நிறுவனத்தின் குடோனில், தரச் சோதனை செய்யும் வேலையில் நான் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினெட்டு வருடம் மருந்துக் கம்பெனியில் இருந்தேன். அங்கே பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சாய்த்துப் பார்ப்போம். உள்ளே ஒரு தூசு மிதந்தாலும் மொத்தமும் குப்பைக்குத்தான். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அந்த மாதம் ஒரு கிரேக்கத் தீவிலிருந்து ஒயின் வந்தது. அனுப்பியது ஒரு சின்னக் குடும்பத் தோட்டம். அந்தத் தீவின் பழைய திராட்சை வகை ஒன்றைத் தவிர வேறெதையும் அவர்கள் பயிரிடுவதில்லை. பலத்த காற்றுக்குத் தப்புவதற்காகக் கொடியைத் தரையோடு கூடை மாதிரி சுருட்டி வளர்ப்பார்களாம். நம் நாட்டுக்கு அவர்கள் அனுப்பிய முதல் சரக்கு அது.

மதுவை மோந்துகூடப் பார்க்காதவன் நான். வெயிலில் கெட்டுவிடுமே என்று, மருந்து வைத்த பழக்கத்தில் குளிர் அறையை மூன்று டிகிரிக்கு இறக்கி வைத்தேன். மூன்று வாரம் கழித்துப் பாட்டிலைச் சாய்த்தால் அடியில் பளபளவென்று துகள்கள்! குடோனைப் பார்த்துக்கொள்ளும் வங்காளி நண்பரும் எட்டிப் பார்த்து, "கண்ணாடியேதான் தாதா" என்றார்; அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன்.

'கண்ணாடித் துகள்; முழுச் சரக்கையும் அழிக்கவும்' என்று மேலாளருக்கு அறிக்கை கொடுத்தேன். டாலிகஞ்சில் உள்ள வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமை வேறு.

"நான் இல்லேன்னா எத்தனை பேரு தொண்டை கிழிஞ்சிருக்கும் தெரியுமா?"

"குடிக்கிறவங்க தொண்டை மேல உங்களுக்கு என்ன திடீர்ப் பாசம்?" என்று அவள் சிரித்தாள்.

மேலாளர் அவர்களுக்குச் செய்தி அனுப்பிய நாலாம் நாள், தோட்ட உரிமையாளரின் மகளே விமானம் ஏறி வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கொடியைப் பிடுங்கிவிட்டு ஹோட்டல் கட்டிவிட்டார்களாம். "இந்தச் சரக்கு அழிந்தால் நாமும் பிடுங்கிவிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சண்டை வரப்போகிறது என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரோ ஒரு கப் சுடுதண்ணீர் கேட்டார்.

பாட்டிலைத் திறந்து ஒயினை வடித்து, அடியில் தங்கிய துகள்களை உள்ளங்கையில் கொட்டி, கொஞ்சத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். நான் தடுக்க எழுந்தேன். மீதியில் பாதியைச் சுடுதண்ணீரில் போட்டுக் கலக்கினார். ஒன்றுவிடாமல் கரைந்துபோயின. கண்ணாடி கரையுமா?

கையை என் பக்கம் நீட்டினார். தயங்கித் தயங்கி ஒரே ஒரு துகளை எடுத்து நாக்கில் வைத்தேன். அட, நம் வீட்டு ரசத்தின் புளிப்பு! திராட்சையிலும் புளியிலும் இருப்பது ஒரே அமிலம்தான் என்றார். அதிகக் குளிர் பட்டால் அது இப்படிப் படியுமாம், குடிப்பவருக்கு ஒரு கெடுதலும் இல்லையாம்.

அதிகக் குளிர் என்றதும் எனக்கு முகம் செத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அறையை அவ்வளவு இறக்கியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவர் நேரே மேலாளரிடம் போய், "எவ்வளவு குளிரில் வைக்க வேண்டும் என்று பெட்டியில் எழுதி அனுப்பாதது எங்கள் தவறு" என்று பாதிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆய்வகச் சோதனையிலும் அவர் சொன்னதே உறுதியானது. என் அறிக்கையை நானே ரத்து செய்து, குளிர் அறை விஷயத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல திட்டு கிடைத்தது, வேலை தப்பியது. சரக்கு விற்றுத் தீர்ந்தது. போன வருடம், புதிதாக நட்ட கொடிகளின் படத்தை அந்தப் பெண் அனுப்பியிருந்தார்.

எல்லாம் தெரியும் என்ற மிதப்பில், கடல் தாண்டி இருக்கும் ஒரு குடும்பத்தின் கொடியை வேரோடு பிடுங்கப் பார்த்த கை இது. அதனால் இன்றும் 'அழிக்கவும்' என்று எழுதுவதற்கு முன், அந்தப் பொருளைச் செய்தவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.