ஒன்பதாம் வகுப்புப் போர்டில் ஏறிய வெயில்

அனுசுயா டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ஜெயமங்கலத்தில் வாழைத் தோட்டத்துக்காரர் மகளாய்ப் பிறந்து, உத்தமபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, பதினோரு வருசமாய் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்து போகிறவள். நல்ல வார்த்தை பேசி நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளத் தெரியாது. பாடம் நடத்தத் தெரியும், அது போதும் என்று இருந்தாள். போதவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்தாப்பில் ஒச்சாண்டி மாடி வீடு கட்டினார். மூன்று ஏக்கர் திராட்சைப் பந்தல்காரர். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் அவர்தான் தலைவர். வீடு பால் காய்ச்சிய வருசமே, அறுப்புக்கு முந்தின வாரம் மழை அடித்துப் பழம் பூராவும் வெடித்துப்போனது. மறு வருசம் மகளுக்குப் பேசி, பூவும் வைத்த சம்பந்தம் முறிந்தது. சும்மா இருப்பார்களா? வாசலுக்கு நேரே பள்ளிக்கூடத்து கேட்டு இருக்கிறது, நானூறு பிள்ளைகளும் காலையும் மாலையும் இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள், தெருக்குத்தை விட மோசம் என்று குறி சொல்கிறவன் சொல்லிவிட்டான். ஒச்சாண்டி பெண்சாதி முருகம்மாள் சின்னமனூருக்குப் போய் ஒரு முழக் கண்ணாடி வாங்கி வந்து, மாடிச் சுவரில் கேட்டைப் பார்க்க மாட்டினாள். பட்ட கண்ணு வந்த வழியே திரும்பிப் போகணும். அதில் ஒன்றும் தப்புச் சொல்ல முடியாது. நம் பக்கத்தில் மாட்டாத வீடு எது?

கண்ணு திரும்பியதோ இல்லையோ, வெயில் திரும்பியது. மூன்றரை மணிக்கு ஒன்பதாம் வகுப்புத் தரையில் ஒரு வெளிச்சத் துண்டு விழும். பொழுது இறங்க இறங்க அது சுவரில் ஏறி, கால் மணி நேரத்தில் போர்டில் உட்கார்ந்துகொள்ளும். எழுதினது ஒரு எழுத்துத் தெரியாது. அது கடைசிப் பிரிவேளை, அறிவியல். நடந்த பாடமோ ஒளி! ஜன்னலைச் சாத்தினால் அறை இருட்டு. இருக்கிற ஒற்றை டியூப்லைட்டும் மினுக்கிக்கொண்டே கிடக்கும். அரையாண்டுப் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அனுசுயா நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். முருகம்மாள் வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"மதினி, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் சாச்சு மாட்டுங்க. வெளிச்சம் போர்டுல அடிக்குது. பிள்ளைகளுக்குக் கண்ணு தெரியல."

"எங்களுக்கு நல்லாத் தெரியுது டீச்சரு. எத்தனை பேரு கண்ணு இந்த வீட்டு மேல கெடக்குன்னு நல்லாவே தெரியுது."

"ஒரு விரக்கடை சாச்சாப் போதும்."

"சாச்சா, வந்த கண்ணு வேற வீட்டுக்குப் போகும். நீங்க வேணா உங்க கேட்டச் சாய்ங்க."

மறுநாள் தலைமை ஆசிரியர் ராஜா முகம்மது கூப்பிட்டார். நல்ல மனுசர், ஆனால் வம்பு என்றால் ஒதுங்கிப் போகிறவர்.

"ஏம்மா, தலைவரு வீட்டுக்குப் போயா சண்டை போடுவீக? பேசாம தகரக் கொட்டகைல வச்சுப் பாடத்த நடத்துங்க."

"அங்கன போர்டு இல்ல சார்."

"வாயால நடத்துங்க."

"ஒளிய வாயால நடத்த முடியாது சார்."

அன்று சாயங்காலம் வெளிச்சத் துண்டு தரையில் விழுந்ததும் சாக்பீஸால் அதைச் சுற்றிக் கோடு போடச் சொன்னாள். ஐந்து நிமிசத்துக்கு ஒரு கோடு. எந்தச் சாய்வில் வெயில் கண்ணாடியில் படுகிறதோ அதே சாய்வில்தான் திரும்பும் என்று பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கையடக்கக் கண்ணாடி ஒன்றை நசீமா என்கிற பிள்ளையிடம் கொடுத்து, "இதையும் திருப்பி விடு, எங்க போகுதுன்னு பாப்போம்" என்றாள். வெளிச்சம் தெருவைத் தாண்டிப் போய், மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த முருகம்மாள் மூஞ்சியில் விழுந்தது. வகுப்பே சிரித்தது.

வீட்டுக் கண்ணாடி விரட்டின கண்ணேற்றை இன்னொரு கண்ணாடி வைத்துத் திருப்பி விடுவதா? முருகம்மாள் கேட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஏ டீச்சரு! ஊர்க் கண்ண பூராவும் கூட்டி அள்ளி எங்க வீட்டுக்குள்ள கொட்டுறியா? உனக்குப் படிப்புச் சொல்லிக் குடுக்கச் சம்பளமா, செய்வினை வைக்கச் சம்பளமா?"

"வெளிச்சம் மதினி, வெறும் வெளிச்சம்."

"வெறும் வெளிச்சத்துக்கு எதுக்கு என் மூஞ்சி?"

ஒச்சாண்டி அன்றே அனுசுயாவை மாற்றச் சொல்லித் தேனிக் கல்வி அதிகாரிக்கு மனு எழுதிப் போட்டார். பாதிப் பாடம் நடந்திருக்கிறது, இப்போது மாற்றினால் பரீட்சை வரைக்கும் வேறு ஆள் வராது. தூக்கம் கெட்டது அவளுக்கு.

சனிக்கிழமை கம்பத்துக்குப் போய், உதிரி பாகம் விற்கிற கடையில் லாரிக்கு மாட்டுகிற புடைத்த கண்ணாடி ஒன்று வாங்கினாள். குவி ஆடி. அதில் வெயில் பட்டால் ஒரே இடத்தில் விழாது, நாலு திக்கும் சிதறிச் சப்பென்று போய்விடும். திங்கட்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் நின்றாள்.

"இதச் சாய்க்க வேண்டாம். பழசக் கழட்டிட்டு இதக் கேட்டப் பாத்து நேராவே மாட்டிக்கங்க."

"லாரிக் கண்ணாடியா?" என்றார் ஒச்சாண்டி. "எம் வீடு என்ன சரக்கு ஏத்தவா போகுது? எல்லாம் சுண்டக்கா கணக்காத் தெரியுது. வர்ற கண்ணுக்குப் பயம் இருக்குமா?"

முருகம்மாள் வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள். திருப்பினாள், தூக்கினாள், மறுபடி பார்த்தாள்.

"இந்தா, இங்கன பாருங்க. பழைய கண்ணாடில கேட்டு மட்டுந்தான விழுந்துச்சு? இதுல டீக்கடை தெரியுது, தெரு முக்குத் தெரியுது. அந்த அய்யம்மா வீட்டு வாசலுந் தெரியுது!"

"அதுக்கு?"

"சம்பந்தம் முறிஞ்சப்ப மொத ஆளா வந்து துக்கம் விசாரிச்சவ அவதான. அவ கண்ணு இத்தன நாளாத் தப்பிச்சுக்கிட்டு இருந்திருக்கு." அனுசுயா பக்கம் திரும்பினாள். "உங்களுக்காக மாட்டல டீச்சரு. இதுல நீங்களும் விழுவீக. பஸ்ஸ விட்டு எறங்குறதுல இருந்து விழுவீக."

"விழறேன். மாட்டுங்க."

அன்று மூன்றரை மணிக்குத் தரையில் ஒன்றும் விழவில்லை. நாலு மணிக்கும் போர்டு கறுப்பாகவே இருந்தது. மனுவை மட்டும் ஒச்சாண்டி திரும்ப வாங்கவில்லை. வியாழக்கிழமை விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ராஜா முகம்மது வகுப்பு வாசலுக்கே அதைக் கொண்டுவந்தார்.

"இன்னிக்கே பதில் எழுதணுமாம்மா."

"மணி அடிக்கட்டும் சார்" என்றாள் அனுசுயா, இறங்கின குரலில். மெமோவை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த படத்தை வரையத் திரும்பினாள்.