இரஞ்சிதம் அன்ரியும் ஏழாம் கோட்டுக் கங்காருக்களும்

"நீங்கள் காண்பதற்கு முன்பே ஓடிவிட்ட கங்காருவை எப்படி எண்ணுவீர்கள்?"

பெவர்லி என்னைப் பார்த்துத்தான் கேட்டார். 2008 ஏப்ரல். விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மில்டியூராவுக்குக் கிட்ட, சிவப்பு மணலும் குட்டை மரங்களுமாகக் கிடக்கும் ஒரு பாலைக் காப்பகம். அதன் தகரக் கொட்டகையில், கங்காரு எண்ண வந்த தொண்டர்கள் மடக்குக் கதிரைகளில் இருந்தோம். பெவர்லி அங்கே ரேஞ்சர்.  நான் பள்ளிக்கூடம் முடித்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால்கூடப் பதில் தெரியாத காலம்.

பக்கத்தில் இருந்த இரஞ்சிதம் அன்ரி எனக்காகப் பாய்ந்து பதில் சொன்னார். "அதை ஏன் எண்ணவேணும்? அதுதான் போயிட்டுதே!"

அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பெவர்லி சிரிக்கவில்லை. "ரஞ்சி, கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் நில்லுங்கள்" என்றார்.

நாங்கள் இருக்கும் ஸ்பிரிங்வேலில் இரஞ்சிதம் அன்ரியைத் தெரியாத தமிழர் குறைவு. பருத்தித்துறையிலிருந்து 1986இல் வந்தவர். கார் ஓட்டப் பழக்குவது அவர் தொழில். அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் அவரிடம்தான் பழகினார்கள். காரில் ஏறினால் இறங்கும் வரை கதைப்பார். றவுண்டபவுட் என்ற சுற்றுச் சந்தியைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, யாருடைய கலியாணத்தில் பாயசம் தீர்ந்துபோனது என்பதில் முடிப்பார். அவருடைய கணவர் சச்சிதானந்தன் அங்கிள் ஒருமுறை அம்மாவிடம் சொன்னார்: "அவ ஒருக்கா மூச்செடுக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். என்ரை முறை இன்னும் வரேல்லை."

அன்ரி வருடாவருடம் ஏன் பாலைவனத்துக்குப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. லைசென்ஸ் எடுக்க நான் நூற்றிருபது மணித்தியாலம் ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. "அங்கை போய்வந்தால் ஒரேயடியாப் பன்னிரண்டு மணித்தியாலம் கொப்பியிலை எழுதலாம், வா பிள்ளை" என்று கூட்டிப்போனார். வழியில் கேட்டேன்.

"வருஷம் முழுக்க இடப்பக்க சீற்றிலை, எனக்கெண்டு பூட்டின பிரேக்கிலை காலை வைச்சுக்கொண்டு இருக்கிறன். எப்பவும் ஆரோ எதிலையோ முட்டப் போகினம். அங்கை முட்டுறதுக்கு ஒண்டுமில்லை, பிள்ளை. வருஷத்திலை அந்த நாலு நாளும் என்ரை கால் சும்மா நடக்கும்."

அன்று கூட்டம் முடிந்ததும் பெவர்லி ஒரு வரைபடத்தை விரித்தார். காப்பகத்தின் குறுக்கே நேர்கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் இருவர் விடியற்காலையில் நடக்க வேண்டும். கங்காருவைக் கண்டதும் நின்று, அது முதலில் நின்ற இடம் எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று அளந்து எழுத வேண்டும். ஏழாம் கோடு அன்ரியுடையது. மற்றக் கோடுகளில் முப்பது, நாற்பது காணப்பட, மூன்று வருடமாக ஏழாம் கோட்டில் பத்துக்கு மேல் ஏறவில்லை.

"அதே புல், அதே தண்ணீர்" என்றார் பெவர்லி. "குறைவாக எண்ணினால் குறைவாக மேய்கின்றன என்று நம்பி, தொகையைக் கட்டுப்படுத்தாமல் விட்டுவிடுவேன். முளைக்கிற மரக்கன்று ஒன்றும் மிஞ்சாது. ரஞ்சி, நீங்கள் அவற்றைக் காணும் முன்பே அவை உங்களைக் கேட்டுவிடுகின்றன என்று நினைக்கிறேன்."

"நான் மெதுவாத்தானே கதைக்கிறனான்!" அன்ரியின் குரலுக்குக் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"நாளைக்கு வாய் திறக்காமல் நடந்து பாருங்கள். முடியாவிட்டால் வேறு ஆட்களைப் போடுகிறேன். நீங்கள் சமையலுக்கு உதவலாம்."

வெளியே வந்ததும் அன்ரி என் கையைப் பிடித்தார். "குசினியோ? குசினிக்குப் போக ஸ்பிரிங்வேலிலை இருந்து இவ்வளவு தூரம் வரவேணுமோ? நாளைக்குப் பார் பிள்ளை, நான் ஊமை."

காலையில் அவர் சட்டைப் பை நிறையத் தோடம்பழ இனிப்பு இருந்தது. இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்றை அடக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். இனிப்புக் கரைய அடுத்ததைப் போட்டார். கார் பழக்கும் கைச்சைகைகள்தான் எங்கள் மொழி. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மெதுவாக. விரலை மடக்கினால் இடப்பக்கம் பார். என் மணிக்கட்டைப் பிடித்தால் சடன் பிரேக்.

முதல் மேட்டைத் தாண்டியதுமே மணிக்கட்டைப் பிடித்தார். ஐந்து சாம்பல் கங்காருக்கள், காது ஆட்டிக்கொண்டு, அப்படியே நின்றன. அளந்தேன், எழுதினேன். அடுத்த பள்ளத்தில் ஏழு. ஒரு பெரிய சிவப்பு ஆண் கங்காரு எங்களைப் பார்த்தபடி நெஞ்சைச் சொறிந்தது. அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கடுவன் ஸ்பிரிங்வேலில் யாரைப் போல இருக்கிறது என்று சொல்ல அவர் துடிக்கிறார். எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொல்ல முடியாமல் தொடையில் தட்டிக்கொண்டு நடந்தார்.

கோடு முடியும் வேலிக்கட்டையில் இனிப்பைத் துப்பினார். "எத்தினை?"

"நாப்பத்தொண்டு, அன்ரி!"

நான் துள்ளினேன். அவர் மணலில் அமர்ந்துவிட்டார். "அப்ப மூண்டு வருஷமா நான்தான் அதுகளைக் கலைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்றார்.

கொட்டகையில் எல்லோரும் எண்ணிக்கையைச் சொன்னார்கள். ஏழாம் கோட்டைக் கேட்டதும் ஒரு தொண்டர், "ஜனவரி மழை அந்தப் பக்கம்தான் விழுந்தது. புதுப் புல்லுக்கு வந்திருக்கும்" என்றார். நல்ல காரணம். அன்ரியின் முழங்கையை இடித்து, "Just say yes, aunty" என்று கிசுகிசுத்தேன்.

"மழை இல்லை" என்றார் அன்ரி, எல்லோருக்கும் கேட்க. "வாய். பெவ், என்ரை பழைய மூண்டு வருஷத்துக் கணக்கையும் வெட்டிவிடுங்கோ."

பெவர்லி பேனையை எடுத்து அந்த மூன்று வருடக் கணக்கையும் வெட்டினார். "இன்றுபோல அடுத்த வருடமும் நடந்தால் கோடு உங்களுக்குத்தான்."

அன்ரி யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. "ஏலாது, பெவ். ஒரு காலமை அடக்கினதே வயித்துக்குள்ளை நிக்குது. அடுத்தமுறை கட்டாயம் கதைச்சுப்போடுவன். வேறை ஆருக்கும் குடுங்கோ."

திரும்பி வரும்போதும் நான்தான் ஓட்டினேன். முக்கால் வழி, பெண்டிகோ வரை, அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு லொறியை நான் முந்தியபோதுகூடத் திட்டவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

செப்டம்பரில் பெவர்லி அன்ரிக்குப் போன் செய்தார். காப்பகத்தை வருடத்துக்கு ஒருமுறை சிறு விமானத்திலிருந்தும் எண்ணுவார்கள். இறக்கைத் தண்டில் இரண்டு கம்பிகள் நீட்டியிருக்கும். அவற்றுக்கு நடுவே தெரிகிற மிருகங்களை, கண்ட உடனே வாயால் சொல்லி ரேப்பில், ஒலிநாடாவில், பதிய வேண்டும். மணிக்கணக்கில் நிறுத்தாமல் சொல்ல வேண்டும்.

"ஒரு மணித்தியாலத்தில் எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்கள்" என்றார் பெவர்லி. "கீழே மிருகம் இல்லையா, ஆள் தூங்கிவிட்டாரா என்று ரேப்பைக் கேட்டால் தெரிவதில்லை. ரஞ்சி, அந்தச் சத்தத்தில் கங்காருவுக்கு உங்கள் குரல் கேட்காது. ஆனால் அனுபவமுள்ள ஒருவர் அதே பக்கம் பின்னால் இருந்து எண்ணுவார். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவந்தால்தான் இருக்கை உங்களுக்கு."

அன்ரி போனார். இறங்கியதும் இரண்டு தடவை வாந்தி எடுத்தாராம். பிறகு பெவர்லி எனக்குப் போன் செய்தார். "ரேப்பில் பாதி தமிழ். நீ வந்து எழுதித் தருவாயா?"

அதே தகரக் கொட்டகையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். விமான இரைச்சலுக்கு மேலே அன்ரி:

"சிவப்பு மூண்டு. சாம்பல் ஒண்டு. சாம்பல் ரெண்டு. தம்பி பைலட், உப்பிடி வளைச்சு எடுத்தால் நான் உனக்கு லைசென்ஸ் தரமாட்டன். சிவப்பு நாலு. ஆடு... ஐயோ, ஆடு ஆறு. எமு ஒண்டு, நடையைப் பார், எங்கடை விக்னராஜா கலியாண வீட்டுக்கு வாற மாதிரி. சிவப்பு ரெண்டு. ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, வெறும் மணல், நான் முழிப்பாத்தான் இருக்கிறன். சாம்பல் அஞ்சு..."

ஓர் இடத்திலும் அவர் நிறுத்தவில்லை. சிரித்துச் சிரித்து நாலு தடவை ரேப்பைப் பின்னால் சுற்றிக் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு நாளில் நான் எழுதி முடிக்க, விமானத்தில் பின்னால் இருந்தவரின் எண்ணிக்கையோடு பெவர்லி ஒப்பிட்டார். கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. பெவர்லி எழுந்து வெளியே போனார். அங்கே, சுவர் ஓரமாக, பைலட்டுக்கு றவுண்டபவுட் பற்றி விளக்கிக்கொண்டிருந்த அன்ரியிடம், "வலப்பக்க இருக்கை உங்களுடையது, ரஞ்சி" என்றார்.

அன்ரி அவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு சச்சிதானந்தன் அங்கிளுக்குப் போன் எடுத்தார். அந்தப் பக்கம் அங்கிள் ஏதாவது சொன்னாரா என்று தெரியாது. சொல்ல இடம் கிடைத்திருக்காது.

இந்த வருடம், 2009இலும், அன்ரி பறந்தார். நானும் போய் ரேப்பை எழுதினேன். இடப்பக்கம் எண்ண இன்னும் சரியான ஆள் கிடைக்கவில்லை என்று பெவர்லி சொல்கிறார். நம் ஆட்கள் இருக்கும் வெரிபீயிலோ ஹரிஸ் பார்க்கிலோ, எங்கேயாவது, வாயை மூடு என்று எல்லோரிடமும் பேச்சு வாங்குகிற ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்வார்.