கார் கியர்பெட்டியில் குழாய் டேப்

எங்கள் பழைய ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறும்போதெல்லாம் உதைத்தது. கியர்பெட்டியின் பிரஷர் சுவிட்சுகளை மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள்.

"போர்வெல் குழாயே இறக்குறோம், இதென்ன பெருசு" என்று போர்வெல் வேலை பார்க்கும் என் கணவர் புது சுவிட்சுகள் வாங்கிவந்து வீட்டிலேயே மாட்டினார். மாட்டும்முன், குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை அவற்றின் மரையிலும் சுற்றினார்.

"ஏங்க, அதோட வாஷர் குடுத்திருக்காங்களே, டேப் எதுக்கு?"

"சும்மா இரு. டேப் சுத்தலன்னா கசியும்."

மறுநாள் விடியலில் எங்கள் மகளுக்கு இழுப்பு வந்தது. இன்ஹேலருக்கு அடங்கவில்லை. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியில் இண்டூர் தாண்டியதும் கியர் விளக்கு மினுக்கியது. எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். மகளின் உதடு நீலமானது.

"அம்மா, முடியல" என்றாள்.

நடுரோட்டுக்கு ஓடிப்போய்க் கையை விரித்து நின்றேன். தக்காளி வேன் ஒன்று நின்றது.

"ஏறுங்கக்கா" என்றார் டிரைவர். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆக்சிஜன் வைத்த பிறகுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

பின்னர் கியர்பெட்டியைப் பிரித்த மெக்கானிக், ஆயில் வழியை அடைத்திருந்த டேப் துணுக்குகளை எடுத்துக் காட்டினார்.

இப்போது காரில் அவர் எதைக் கழற்றி மாட்டினாலும், இண்டூர் வரை தனியாக ஓட்டிப்போய் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் மகளை ஏற்றுவேன். போன வாரம் விளக்கு பல்பு மாற்றினார். அதற்கும் போய்வரச் சொன்னேன். சாவியை எடுத்துக்கொண்டு போனார்.