நுங்கு மீனும் தங்கை கேட்ட ஆட்டமும்

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்படியும் இன்று ஓசூரில் நான் நடந்து வந்தால் லாரிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். யார் கையையும் பிடித்து ஏறியவன் இல்லை நான். என் தோளும் என் வாயும் சம்பாதித்த மரியாதை இது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் லாரி கிளீனர். தொரப்பள்ளிப் பக்கம் ஒரு மேட்டுக்காட்டு ஊர் எங்களுடையது. கிணற்றில் தண்ணீர் கிடந்தாலே ஆள் கூடிப் பார்க்கிற அந்த ஊரில், கடலைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். புளி மூட்டை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போனபோது கால் நனைத்துவிட்டு வந்தேன். ஊரார் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை அதைவிட நன்றாகச் சொன்னேன்.

அதிகம் கேட்டவள் என் தங்கை. கல்யாண வயது, நெஞ்சில் காசம். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் தனியாகப் படுக்க வைத்திருந்தோம். தட்டு தனி, சொம்பு தனி. அம்மா களியை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று அழுவாள். அப்பா அந்தப் பக்கமே பார்க்க மாட்டார். லாரி ஊர் திரும்பும் நாட்களில் நான்தான் அந்த வாசலில் குந்தியிருப்பேன்.

“மீனுக்குத் தாகம் எடுக்குமாண்ணா?”

“எடுக்காம? பின்ன எதுக்கு வாயத் தொறந்துக்கினே திரியுது?”

“உப்புத் தண்ணிய எப்படிக் குடிக்கும்?”

“நீ கருவாட்டுக் கொழம்பு கேட்டு அழுவறியே, அதுமாரிதான்.”

சிரிப்பாள். சிரிப்பு இருமலாகும். இருமல் அடங்கியதும் அடுத்த கேள்வி. நண்டு ஏன் குறுக்கே நடக்கிறது? மீனுக்கு இமையே இல்லையென்றால் தூங்குகிறதா, விழித்திருக்கிறதா? துணியில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கேட்பாள்.

ஒருநாள் நுங்கு மீனைப் பற்றிச் சொன்னேன். மீன்காரர்கள் அதைச் சொறிமீன் என்பார்கள். மணலில் ஒதுங்கிக் கிடந்தபோது எனக்கு உரித்த நுங்காகத்தான் தெரிந்தது. எலும்பு இல்லை, தலை இல்லை. தண்ணீருக்குள் இருந்தால் குடைபோல விரிந்து சுருங்கி ஆடிக்கொண்டே போகும் என்று ஒரு மீன்காரர் கையால் ஆட்டிக் காட்டியிருந்தார். நானும் அவளுக்கு ஆட்டிக் காட்டினேன்.

“அதுக்கு யாருண்ணா ஆடக் கத்துக் குடுத்தது?”

“கடல் ஆட்டுது, அது ஆடுது.”

“மனுசனுக்கு? மொதமொதல்ல ஆடனவனுக்கு யாரு கத்துக் குடுத்திருப்பாங்க?”

“எவனாவது நெருப்ப மிதிச்சிருப்பான். பாத்தவங்க நல்லா இருக்குதேன்னு கூடச் சேந்து குதிச்சிருப்பாங்க.”

அன்று அவள் சிரிக்கவில்லை. நோய் வருவதற்கு முன் பொங்கலுக்குக் கும்மியில் முதல் ஆளாக நின்றவள் அவள்.

“அண்ணா, நான் போனா மேளம் வெச்சு ஆடணும்.”

எங்கள் பக்கம் பேரன் பேத்தி பார்த்துவிட்டுப் போனவர்களுக்குத்தான் மேளமும் ஆட்டமும். இளவயதுச் சாவென்றால் சத்தமில்லாமல் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். அதை எடுத்துச் சொன்னேன்.

“தெருக்கோடித் தாத்தாவுக்கு அவ்ளோ ஆட்டம் ஆடனாங்களே, அவரு என்னிக்காவது ஆடியிருப்பாரா? நான் ஆடனவ. என்னைய மட்டும் திருட்டு மூட்டையாட்டம் தூக்கிக்கினு போவீங்களா?”

“நான் இருக்கறேன், ஆடலாம்” என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடம் போய்ச் சொன்னதற்கு, “ஊரு காறித் துப்பும். வாய மூடுடா” என்றார்.

மாசி மாதம், விடிந்த நேரத்தில் அவள் போய்விட்டாள். நான் யாரிடமும் கேட்கவில்லை. டிரைவரைக் கெஞ்சி லாரியை எடுத்துப்போய், அடுத்த ஊரிலிருந்து மேளக்காரர்களை ஏற்றிவந்து இறக்கினேன். அந்த ஊரில் வேறு எவனுக்கும் அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

தாய்மாமன் என் சட்டையைப் பிடித்தார். “கல்யாணச் சாவாடா இது? வயசுப் பொண்ணு செத்துக் கெடக்கறா, மேளம் கேக்குதா ஒனக்கு?”

“அவதான் மாமா கேட்டா.”

“செத்தவ கேட்டா, உசுரோட இருக்கறவங்களுக்கு மானம் வேணாமா?”

மேளக்காரர்களில் மூத்தவர் பாடையைப் பார்த்தார். துணிக்குள் ஆள் இருப்பதே தெரியாத அளவுக்குச் சுருங்கியிருந்தாள். “பச்சப் புள்ளையாச்சுங்க. அடிக்கக் கை வராதுங்க” என்று மேளத்தைக் கீழே இறக்கினார். என் வாய்க்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று. பாடையைத் தூக்கினோம். முன் பக்கம் நான் தோள் கொடுத்தேன். சத்தமில்லாமல்தான் போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

அப்பா எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். வலது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி வைத்தார். பிறகு இடது கால். சுவருக்கு மண் மிதிப்பது போல இருந்தது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் விரித்து வைத்திருந்தார்.

“மச்சான், வேணாம்” என்று மாமன் கிட்டே போனார். அப்பா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூத்த மேளக்காரர் மேளத்தைத் தோளில் மாட்டி, அப்பா கால் விழுகிற இடத்திலெல்லாம் ஒரு அடி போட்டார். தாளத்துக்கு அவர் ஆடவில்லை. அவருக்குப் பின்னால் தாளம் தடுமாறிக்கொண்டு வந்தது.

கூட ஆட யாரும் வரவில்லை. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். ஓடைப் பள்ளத்தில் அப்பா முழங்கால் மடங்கி விழுந்தார். மேளம் நின்றது.

எழுந்தவர் மண்ணைக்கூடத் தட்டவில்லை. “யாரு நிறுத்தச் சொன்னது? அடி” என்றார்.

அடித்தார்கள். அங்கேயே நின்று ஆடினார். பாடையின் பாரம் தோளில் அழுந்த நாங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். நகருங்கள் என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.